கடல் கடந்த தொண்டும் கொல்லிமலை தரும் பாடமும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையைத் திருச்சபை மறைபரப்பு ஞாயிறாகக் கொண்டாடுகிறது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1926-ஆம் ஆண்டில் இதை ஏற்படுத்தினார். அன்று நாம் உண்டியலில் காசு போடும்போது, மறைபரப்பு நாடு என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? ஆப்பிரிக்கக் காடு, ஓலைக் குடிசை, அதன் முன் நிற்கும் மெலிந்த குழந்தைகள். அது எங்கோ தொலைவில் உள்ள நாடு என்றே எண்ணுகிறோம்.

ஆனால் அன்புத் தோழியரே, நூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் மாநகரில் ஒரு சிறுமி உண்டியலில் காசு போட்டபோது, அவள் மனக்கண்முன் தோன்றிய தொலைதூர நாடு நம்முடைய நாடுதான். சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குப் பேருந்தில் போகும்போது இடப்பக்கம் நீல நிறத்தில் ஒரு மலை நம்முடனேயே வரும். அந்தக் கொல்லிமலைக்கு, கடல் கடந்து வந்து அங்கேயே மண்ணானவர்கள் உண்டு. அவர்கள் எப்படி வந்தார்கள், என்ன செய்தார்கள், எதை இழந்தார்கள் என்று தெரிந்துகொண்டால், அயல்நாட்டில் ஏழைகளுக்குத் தொண்டு செய்வது என்பதன் பொருள் நமக்கு விளங்கும். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்டும் பயணமும்

தொண்டு செய்யப் பிற நாட்டுக்குப் போகிறவர்கள் இரு வகையினர். சிலர் பத்து நாள், பதினைந்து நாள் போய்த் திரும்புகிறார்கள். விடுமுறையில் மாணவர்கள் குழுவாகச் சென்று பள்ளிக்கு வண்ணம் பூசுகிறார்கள். குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வேறு சிலர் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழிக்கிறார்கள். இரு வகையினரும் நல்லெண்ணத்தோடுதான் புறப்படுகிறார்கள். ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதுமா? பசித்தவனுக்குப் பாட்டும், காய்ச்சல்காரனுக்குச் சட்டையும் கொடுத்தால் அது தொண்டாகுமா? நல்ல சமாரியன் உவமையில் அந்த மனிதர் பரிவு கொண்டதோடு நிற்கவில்லை. காயத்தைக் கட்டினார், சாவடிக்கு அழைத்துச் சென்றார், மறுநாள் செலவுக்கும் பணம் கொடுத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார். அவருடைய பரிவுக்குக் கையும் காலும் இருந்தன.

முதற்பாடம்: மொழி

நம் பகுதிக்குக் கடல் கடந்து வந்த மறைப்பணியாளர்களில் மிகப் பழையவர்களுள் ஒருவர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார். இத்தாலி நாட்டில் உயர்குடியில் 1577-இல் பிறந்தவர். இயேசு சபைக் குரு. 1605-இல் கோவாவுக்கும், 1606-இல் மதுரைக்கும் வந்தார். 1623-இல் மதுரையை விட்டு வடக்கே நடந்து, நம் நாமக்கல்லுக்கு அருகிலுள்ள சேந்தமங்கலத்தை அடைந்தார். அப்போது அங்கு ஆட்சி செய்த இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். பிறகு அங்கிருந்து சேலத்துக்கும் வந்து பணியாற்றினார்.

அவருக்குப் பின்னால் படையும் இல்லை, பணமும் இல்லை. அவர் கையிலிருந்தது மொழி. தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். காவியுடை உடுத்தார், மரக்கறி உணவு உண்டார். தமிழில் பல உரைநடை நூல்களை எழுதினார். கோயில், அருள், பூசை என்று இன்று நாம் இயல்பாகச் சொல்லும் சொற்கள் நம் வழிபாட்டில் நிலைபெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அக்காலச் சாதி வேற்றுமைகளுக்கு அவர் இடங்கொடுத்தார் என்ற குறையை வரலாற்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அது எண்ணிப் பார்க்க வேண்டியதே. ஆயினும், பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் நமக்குக் காட்டிவிட்டார். கண்பார்வை குன்றிய முதுமையில், 1656-இல் மயிலாப்பூரில் காலமானார்.

காய்ச்சல் மலை

சேந்தமங்கலத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிவது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் பேருந்து ஏறிப்போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சாலை இல்லை. கால்நடையாக ஏற வேண்டும். முடியாதவர்களை டோலியில் வைத்துத் தூக்கிச் செல்வார்கள்.

மலையில் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். இவர்கள் கேரளத்தவர் அல்லர்; தமிழ் பேசுகிறவர்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். சமவெளி மக்கள் அந்த மலைக்குப் போக அஞ்சினார்கள். காரணம், மலைக்காய்ச்சல். ஏறிப்போனவன் காய்ச்சலோடு இறங்குவான் அல்லது இறங்கவே மாட்டான் என்பார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் நம் நாட்டிலேயே, செகந்திராபாத்தில், 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள்தான் கண்டறிந்தார். அந்த அறிவு மலை ஏற வெகுகாலம் ஆயிற்று. மலையில் மருத்துவரும் இல்லை, பள்ளியும் இல்லை.

கொத்தனாரும் ஓவியரும்

இந்த மலைக்குத்தான் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் வந்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். பாப்திஸ்து சபை அனுப்பிய ஊழியர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, பிரிந்த சபைகளைச் சேர்ந்த சகோதரரின் நற்செயலையும் மகிழ்ச்சியோடு போற்ற நாம் கற்றிருக்கிறோம். ஆதலால் இவருடைய வரலாற்றை நம் பள்ளி மலரில் எழுதுவது பொருந்தும்.

ஜெஸ்ஸி மருத்துவர் அல்லர். கட்டடத் தொழில் கற்றவர். ஆனால் புறப்படுமுன், வெப்ப நாட்டு நோய்களைப் பற்றியும் முதலுதவி பற்றியும் மறைப்பணியாளர்களுக்காக இலண்டனில் நடந்த ஓராண்டுப் பயிற்சியைப் பெற்றுக்கொண்டார். 1907-இல் இந்தியா வந்தார். அவர் மணந்த ஈவ்லின், இலண்டனின் செல்வக் குடும்பத்தில் 1879-இல் பிறந்து, ஓவியம் தீட்டக் கற்றவர். 1913-இல் சேந்தமங்கலத்தில் அவர்கள் திருமணம் நடந்தது. மணப்பெண் அன்றே மழையில் நனைந்தபடி மலை ஏறினார்.

அவர்களுடைய வீடு மலையில் வாழவந்தி என்ற இடத்தில் அமைந்தது. ஜெஸ்ஸி அந்த மரவீட்டைக் கீழே சமவெளியிலேயே பகுதி பகுதியாகச் செய்து, கூலியாட்களின் தலைச்சுமையாக மேலே கொண்டுபோய்ப் பூட்டி நிறுத்தினார். கொத்தனார் வேலை தெரிந்த மறைப்பணியாளர் என்ன செய்வார்? பள்ளி கட்டினார், மரவேலை கற்றுக்கொடுத்தார், பயிர்த்தொழிலுக்கு வழி காட்டினார். பல் வலித்தவர்களுக்குப் பல்லைப் பிடுங்கினார். காய்ச்சல்காரர்களுக்குக் கொயினா கொடுத்தார். புண்ணைக் கழுவிக் கட்டினார். தமக்குத் தெரிந்ததைச் செய்தார். தெரியாததைக் கற்றுக்கொண்டு செய்தார்.

நரம்புச்சிலந்தி என்னும் கொடுமை

அந்நாளில் மலைமக்களை வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச்சிலந்தி. இன்றைய மாணவியர் இதன் பெயரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். குளத்து நீரிலும் படிக்கிணற்று நீரிலும் உள்ள மிகச் சிறிய நீர்த்தெள்ளுகளுக்குள் இந்தப் புழுவின் குஞ்சு இருக்கும். அந்த நீரைக் குடித்தால் அது உடலுக்குள் வளரும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் வரை நீளமுள்ள நூல் போன்ற புழு காலில் கொப்புளம் உண்டாக்கி வெளியே தலை நீட்டும். வலி தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பான். அவ்வளவுதான், புழு அந்த நீரில் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை விட்டுவிடும். ஊரே மறுபடியும் அதைக் குடிக்கும்.

புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோய்க் கால் சீழ்வைத்துவிடும். பிராண்ட் தம்பதியர் அப்படிப் பல புழுக்களை எடுத்தார்கள். ஆனால் எடுத்துக்கொண்டே இருந்தால் முடிவு ஏது? ஆகவே தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும், குடிநீரில் காலை வைக்காதிருக்கவும் மக்களுக்குக் கற்பித்தார்கள். பிற்காலத்தில் உலகம் முழுவதும் இந்நோயை ஒழிக்கக் கையாண்ட வழியும் இதுவே. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் இராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் நம் நாடு இந்நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. ஒரு முழத் துணியும் பொறுமையான சொல்லும் செய்த வேலை இது!

பூசாரியின் குழந்தை

தொடக்கத்தில் மலைமக்கள் மருந்து வாங்க வந்தார்களே தவிர, இவர்களை நம்பிவிடவில்லை. புதியவர்களோடு சேர வேண்டாமென்று மலைப் பூசாரியும் மக்களை எச்சரித்திருந்தார். அவரைக் குறைகூற முடியாது. எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர் நம் மக்களை எங்கே இழுத்துப்போவாரோ என்று அவர் அஞ்சியிருப்பார். அந்நாளில் நாட்டை ஆண்டவர்களும் அதே நிறத்தவர்கள் அல்லவா?

அந்தப் பூசாரி கொடிய காய்ச்சலில் வீழ்ந்தார். தொற்றிவிடும் என்று அஞ்சி அவர் வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் நுழைந்தார்கள். கடைசிவரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார்கள். உயிர் பிரியுமுன் பூசாரி தம் பெண் குழந்தையை இவர்கள் கையில் ஒப்படைத்தார். பிராண்ட் தம்பதியர் அதைத் தங்கள் குழந்தையாக வளர்த்தார்கள். அதன்பிறகே மலைமக்கள் மனம் திறந்தார்கள்.

மருந்து கொடுக்கும் கை, "நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய்?" என்று கேட்கலாகாது. கேட்டால் அது வியாபாரமாகிவிடும். தம்மை எதிர்த்த பூசாரியின் கட்டிலருகே அவர்கள் உட்கார்ந்தபோதுதான் அவர்களுடைய விசுவாசம் இன்னதென்று மலைக்குத் தெரிந்தது.

கொடுத்த விலை

இனி நான் எழுதப்போவது, தாய்தந்தையர் மனத்தைச் சற்று வருத்தக்கூடியது. பிராண்ட் தம்பதியருக்கு பால் என்ற மகனும் கானி என்ற மகளும் இருந்தார்கள். 1914 ஜூலை 17-இல் பிறந்த பால், மலையில் மரம் ஏறி, மலைப்பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தான். 1923-இல், ஒன்பது வயதில், தங்கையோடு படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விடப்பட்டான். பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அவன் தன் தந்தையைப் பார்க்கவே இல்லை. 1929 ஜூன் மாதம் மலேரியா முற்றி ஜெஸ்ஸி இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. தந்தி முதலில் வந்தது. தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் மெதுவாக வந்து, சாவுச் செய்திக்குப் பிறகு மகன் கைக்குக் கிடைத்தது. அப்போது பாலுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. நம் வகுப்பில் உட்காரும் வயது.

இது சரியா? பிறர் பிள்ளைகளுக்காகத் தம் பிள்ளைகளை ஆறாண்டு விட்டிருக்கலாமா? இக்கேள்விக்கு எளிய விடை இல்லை. தொண்டு என்றவுடன் பூமாலையும் புகழும் மட்டுமே நினைவுக்கு வருமானால், இந்தக் கடிதத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தொண்டு செய்கிறவர் மட்டுமல்லாமல் அவர் குடும்பமும் சேர்ந்து விலை கொடுக்கிறது. நம் மடத்துச் சகோதரிகளின் பெற்றோரும் அப்படிக் கொடுத்தவர்களே. அவர்களைப் பற்றி எந்த மலரிலும் யாரும் எழுதுவதில்லை.

பாட்டி பிராண்ட்

கணவரை வாழவந்தியில் புதைத்த ஈவ்லின், பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து சென்றார். எல்லாரும் இனித் திரும்பமாட்டார் என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் அவர் இந்தியாவுக்கே திரும்பினார். அவருடைய 68-ஆம் வயதில் சபையார் ஓய்வுபெறச் சொன்னார்கள். "இன்னும் ஓராண்டு மலையில் இருக்கிறேன்" என்று அவர் அனுமதி கேட்டார். ஆண்டு முடிந்ததும், சபையின் பணியிலிருந்து விலகிக்கொண்டு, தம் சொந்தப் பொறுப்பில் மலையிலேயே தங்கிவிட்டார்!

கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன் மலை என்று அடுத்தடுத்த மலைகளுக்கும் போனார். மட்டக்குதிரையில் ஏறிப்போவார். பலமுறை விழுந்து எலும்பு முறிந்தபின், இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளில் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை என்று மகன் எழுதியிருக்கிறார். ஓவியக் கண் படைத்த பெண்மணி தம் முகத்தைப் பார்க்க மறந்துபோனார். 1974-இல், 95 வயதில் காலமானார். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மலைமக்களுக்கு அவர் அயல்நாட்டார் அல்லர், பாட்டி.

மகன் கண்ட உண்மை

மகன் பால் முதலில் தந்தையைப் போலக் கட்டடத் தொழில் கற்றார். பிறகு மருத்துவம் படித்து அறுவை மருத்துவரானார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது.

செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பால் பார்க்கப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். செயலற்றது என்று எண்ணிய அந்தக் கை அவர் கையை வலிக்கும்படி இறுக்கியது. அப்படியானால் முன்கைத் தசைகளுக்கு வலிமை இருக்கிறது. விரல்களை விரிக்கும் சிறு தசைகளே செயலிழந்துள்ளன என்று உணர்ந்தார். நல்ல தசையின் நாணை எடுத்து விரலோடு இணைத்தால் விரல் நிமிருமே! அந்த அறுவை முறை வேலூரில் வளர்ந்து உலகெங்கும் பரவியது.

அவர் கண்ட மற்றோர் உண்மை இதைவிடப் பெரிது. தொழுநோயால் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்று உலகம் நம்பியது. அது தவறு என்று பால் நிறுவினார். நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுவதால், நோயாளி கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் முள் குத்தினாலும் அறிவதில்லை. இரவில் எலி கடித்தால்கூடத் தெரிவதில்லை. ஆகவே நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். காலுக்கு மெத்தென்ற ரப்பர்ச் செருப்புச் செய்து கொடுத்தார்கள். வலி என்பது இறைவன் தந்த கொடை என்று அவர் பிற்காலத்தில் எழுதினார்.

கை சீரான ஒருவர் மீண்டும் வந்து ஒரு குறை சொன்னாராம். விரல்கள் நேரானபின் பிச்சை போடுவாரில்லை. தொழுநோயாளி என்று வேலை கொடுப்பாருமில்லை! கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு வேலையும் வேண்டும் என்று பால் உணர்ந்தார். 1951-இல் வேலூரில் புதுவாழ்வு மையம் தொடங்கி, மரப்பொம்மை செய்தல் முதலிய தொழில்களைக் கற்பித்தார்கள். அன்று கொத்துவேலையும் தச்சுவேலையும் கற்ற மருத்துவர் அங்கே பயன்பட்டார். அவர் 1966 வரை நம் நாட்டில் பணிசெய்து, 2003-இல் அமெரிக்காவில் காலமானார்.

கன்னியரும் மருத்துவமும்

நம் திருச்சபையிலும் இத்தகைய முன்னோடிகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் மருத்துவராயிருந்த மேரி க்ளோரி 1920-இல் ஆந்திர நாட்டுக் குண்டூருக்கு வந்து கன்னியரானார். அக்காலத்தில் துறவறப் பெண்கள் மருத்துவத் தொழில் செய்யத் திருச்சபை பொதுவாக அனுமதிப்பதில்லை. ஆகவே அவர் தனி அனுமதி பெற்றே பணிசெய்தார். 1936-இல்தான் கன்னியர் மருத்துவமும் பேறுகால உதவியும் செய்ய உரோமை அனுமதி அளித்தது. ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசிப் பிரசவத்தில் இறந்த எத்தனையோ தாய்மாருக்காக எழுந்த மாறுதல் அது.

அன்னை தெரேசா 1948-இல் கல்கத்தாவின் சேரிக்குள் இறங்குமுன் என்ன செய்தார்? பாட்னா சென்று மருத்துவ மறைப்பணிச் சகோதரிகளிடம் நோயாளிகளைப் பேணும் பயிற்சி பெற்றார். வங்காள மொழியோ முன்னரே கற்றிருந்தார். இரக்கம் உள்ளவருக்கும் பயிற்சி வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்றைய பயணங்கள்

இப்போது சில நாள் பயணமாகப் போகிறவர்களைப் பற்றி எண்ணிப் பார்ப்போம். அவர்கள் பூசும் வண்ணத்தை அந்த ஊர்த் தொழிலாளியே பூசினால் அவருக்கு ஒரு வாரக் கூலி கிடைக்கும். விமானச் சீட்டுக்குச் செலவாகும் பணத்தில் அந்தப் பள்ளிக்கே மேசை நாற்காலி வாங்கலாம். கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் இன்னும் பெரிய தீங்கு கண்டறியப்பட்டது. அநாதை இல்லங்களில் தொண்டுசெய்ய அயல்நாட்டார் பணத்தோடு வருவதால், தாயோ தந்தையோ உயிரோடிருக்கும் ஏழைக் குழந்தைகளையும் அநாதைகள் என்று சொல்லிச் சேர்க்கும் வழக்கம் பெருகியது. வாரத்துக்கொருவர் வந்து கொஞ்சிவிட்டுப் போவதால் குழந்தையின் மனம் ஏங்கிப் போகிறது என்றும் அறிந்தோர் கூறுகின்றனர்.

அப்படியானால் குறுகிய பயணமே கூடாதா? கூடும். அறுவை மருத்துவர் ஒருவர் இரண்டு வாரம் வந்து, உள்ளூர் மருத்துவருக்குத் தம் கைத்திறனைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனால், அவர் போனபின்னும் அந்தத் திறன் அங்கே இருக்கும். வெள்ளம், நிலநடுக்கம் வந்தபோது பயிற்சி பெற்றவர்கள் ஓடி உதவுவதும் தேவையே. ஆகவே புறப்படும் எவரும் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1. அந்த மக்கள் பேசுவது எனக்குப் புரியுமா, அல்லது புரிந்தவர் என்னோடு இருக்கிறாரா?
2. அவர்களுக்குத் தேவையான எந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும்?
3. அவர்களே செய்யக்கூடியதை நான் பறித்துக்கொள்கிறேனா?
4. நான் திரும்பியபின் அங்கே என்ன மிஞ்சும்?

இந்நான்குக்கும் விடை கிடைத்தால் பத்து நாளும் பயன்படும். விடை இல்லையென்றால் பத்து ஆண்டும் வீண்.

நாம் என்ன செய்யலாம்?

முன்னர் ஐரோப்பாவிலிருந்து நம்மிடம் வந்தார்கள். இன்று நம் நாட்டுக் கன்னியரும் குருக்களும் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணியாற்றுகிறார்கள். 2016 மார்ச் 4-ஆம் நாள் ஏமன் நாட்டு ஏடன் நகரில், முதியோர் இல்லத்தில் தொண்டு செய்த அன்பின் பணியாளர் சபைச் சகோதரிகள் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் நம் ஜார்க்கண்ட் மாநிலத்தவர். மற்றவர்கள் ருவாண்டா, கென்யா நாட்டினர். போர் மூண்ட பின்னும் முதியோரை விட்டு அவர்கள் போகவில்லை. செல்வ நாட்டார் ஏழை நாட்டுக்கு இரங்குவதே மறைப்பணி என்ற எண்ணத்தை இவர்கள் மாற்றிவிட்டார்கள். ஏழை நாட்டுப் பெண்களே வேறு ஏழைகளுக்காக உயிர் கொடுத்தார்கள்.

நம்மில் பலர் செவிலியர் படிப்பை விரும்புகிறோம். சிலர் துறவறத்தை எண்ணியிருக்கலாம். அந்த நாள் வரும்வரை சும்மாயிருக்க வேண்டியதில்லை. முதலுதவி கற்கலாம். ஓ.ஆர்.எஸ். கரைசல் கலக்கத் தெரிந்த பத்து வயதுச் சிறுமியும் ஒரு குழந்தையின் உயிரைக் காக்க முடியும். செங்கல் சூளையிலும் விசைத்தறியிலும் வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு மாலையில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்து நம் ஊர்களில் தங்கியிருப்போரிடம் அவர்கள் மொழியில் நான்கு சொல் பேசக் கற்கலாம். கடல் கடந்து போகாமலே ஓர் அயல்நாட்டின் வாசல் அங்கே திறக்கும்.

எல்லாரும் பயணம் போக வேண்டும் என்பதும் இல்லை. புனித குழந்தை இயேசுவின் தெரேசாள், லிசியே நகரக் கார்மேல் மடத்துக்குள்ளேயே வாழ்ந்து 1897-இல் 24 வயதில் இறந்தவர். எந்த மறைபரப்பு நாட்டையும் மிதித்தவர் அல்லர். தொலைவில் பணிசெய்த குருக்களுக்குக் கடிதம் எழுதினார், அவர்களுக்காகச் செபித்தார். அவரையும் கடல்களையெல்லாம் கடந்த புனித சவேரியாரையும் 1927-இல் ஒருசேர மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராகத் திருத்தந்தை அறிவித்தார். போனவரும் போகாதவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

முடிவுரை

கொல்லிமலையில் இன்று சாலை உண்டு, பள்ளிகள் உண்டு, அரசு மருத்துவமனை உண்டு. நரம்புச்சிலந்தி இல்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் தொடங்கியதை மலைமக்களும் அரசும் தொடர்ந்தார்கள். ஒரு தொண்டு வெற்றி பெற்றதா என்று அறிய, தொண்டு செய்தவர் இன்னும் தேவைப்படுகிறாரா என்று பார்க்க வேண்டும். தேவைப்படாத நாள் வரவேண்டும் என்றுதான் நல்ல தொண்டர் உழைக்கிறார்.

அன்புத் தோழியரே! அடுத்த மறைபரப்பு ஞாயிறன்று உண்டியலில் காசு போடும்போது, நாமும் ஒரு காலத்தில் பெற்றுக்கொண்டவர்களே என்பதை நினைப்போம். பெற்றுக்கொண்டவர்களுக்குத்தான், எப்படிக் கொடுத்தால் வாங்குகிறவர் மனம் நோகாது என்று தெரியும். அந்த அறிவோடு மொழியையும் தொழிலையும் கற்றுக்கொண்டு, இறைவன் எந்த ஊருக்கு அனுப்பினாலும் போக நம்மை ஆயத்தப்படுத்துவோம். அந்த ஊர் நம் தெருக்கோடியாகவே இருந்தாலும் சரி.